ஆள் வருது

உக்காரும்மா, உக்காரு. இல்ல, யாரும் வரல. வாயில தானா வந்துடுச்சு. மாமல்லபுரத்துல ஏறினதுலருந்து ரெண்டு பேரை இப்படியே ‘ஆள் வருது’ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுல ஒருத்தர் வயசானவர். கம்பியைப் பிடிச்சுக்கிட்டே வந்து இப்பதான் இறங்கிப் போறார். அவர் இறங்கினப்புறம்தான் எனக்கே உறைச்சுது, எந்த ஆளு வரப் போவுதுன்னு. இரு, பையை எடுத்துடறேன். துண்டையும் எடுத்துடறேன். உன் பையை மேல போடாதே, பிரேக் அடிச்சான்னா தலையில விழும். மடியில வச்சுக்க. கையை இப்படிக் குடுத்துக்க. ஆங், அப்படித்தான். ஜன்னலோரம் கேக்காதே, இந்தப் பக்கம் வெயில் அடிக்கும். எனக்குப் பழக்கம்.

காஞ்சிபுரமா நீ? நான் அரக்கோணம். காஞ்சிபுரத்துல இறங்கி மாறணும். காதுல மாட்டியிருக்கியே, நான் பேசறது கேக்குதா? கழட்டிட்டியா, சரி.

ரெஸ்ட் எடுக்கப் போயிட்டு வர்றேன்மா. சிரிக்காதே, நெஜமாத்தான். கடலோரமா ரிசார்ட்டு இருக்குல்ல, பெரிய பெரிய கேட்டு போட்டு, அதுல மூணு நாள். நானும் என் சிநேகிதிங்க மூணு பேரும். ரெஸ்ட் எடுத்து எடுத்து உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. கழுத்து திரும்ப மாட்டேங்குது. வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்கப் படுத்தாத்தான் இந்த ரெஸ்ட்டு தீரும்.

எங்களுது ரயில் சிநேகிதம். ரயில் சிநேகம் இறங்கினாப் போச்சும்பாங்க. எங்களுது போகல. இருபத்தாறு வருஷம் ஒரே வண்டி, ஒரே லேடீஸ் பெட்டி, அரக்கோணத்துலருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும். நான் தம்புசெட்டித் தெருவுல ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். எஸ்தர் திருவள்ளூர்ல ஏறுவா, அவளுக்கு போஸ்டாபீஸ். ஜமீலா திருநின்றவூர், கோர்ட்டுல வேலை. கிரிஜா ஆவடி, பேங்க். நான் வண்டி கிளம்பற எடத்துலயே ஏறுறவ. அதனால எடம் போடறது என் வேலை. யாரும் குடுத்த வேலை இல்ல, நானா எடுத்துக்கிட்டது. வண்டி வந்து நிக்கறதுக்குள்ள ஏறி, ஒரு எடத்துல துண்டு, ஒரு எடத்துல டிபன் பை, ஒரு எடத்துல குடை. யார் வந்து கேட்டாலும் ஒரே வார்த்தை, ஆள் வருது. சண்டை வரும். வராம இருக்குமா? நின்னுக்கிட்டு வர்றவங்களுக்கு வயிறு எரியுமில்ல. ‘உங்கப்பன் வீட்டு ரயிலா’ன்னு கேட்டவங்க இருக்காங்க. நான் அசைய மாட்டேன்.

ஆனா நியாயம்னு ஒண்ணு வச்சிருந்தேன். அவங்க ஸ்டேஷன் வந்து, அவங்க ஏறலைன்னா, வண்டி நகர்ந்ததும் துண்டை எடுத்துடுவேன். வராத ஆளுக்கு எடம் வச்சிருந்தா அது பாவம். அதுல நான் ரொம்பக் கறார்.

ஒரே ஒரு தடவைதான் மீறினேன். எஸ்தரோட வீட்டுக்காரர் திடீர்னு தவறிட்டார். அவ ஒரு மாசத்துக்கு மேல வேலைக்கு வரல. திருவள்ளூர் வரும், வண்டி நிக்கும், கிளம்பும். எனக்குத் துண்டை எடுக்க மனசு வராது. பீச் வரைக்கும் அந்த எடம் காலியாவே வரும். பெட்டியே என்னைத் திட்டுச்சு. ஜமீலாவே ஒரு நாள், ‘தனம், விட்டுடு, புள்ளத்தாச்சி நிக்குது பாரு’ன்னா. என் எடத்தைக் குடுத்துட்டு நான் எழுந்து நின்னேன். எஸ்தர் எடத்தைக் குடுக்கல. அவ திரும்பி வந்த அன்னிக்கு எடம் அப்படியே இருந்துச்சு. உக்காந்தா, துண்டை மடிச்சு என் கையில குடுத்தா. அவ்வளவுதான். என் பேரு தனபாக்கியம்மா. அவங்களுக்குத் தனம்.

இந்த எஸ்தர் இருக்காளே, ஒரு நாளும் நேரத்துக்கு வந்தவ இல்ல. வண்டி நகர ஆரம்பிச்சப்புறம்தான் பிளாட்பாரத்துல ஓடி வருவா. நான் கதவுகிட்ட நின்னு கையை நீட்டி இழுத்து உள்ள போடுவேன். ‘கொஞ்சம் முன்னாடி கிளம்பினா என்னடி’ன்னு கேட்டா, ‘நீதான் இருக்கியே’ம்பா. திருவள்ளூர் ஸ்டேஷன்ல எங்களைத் தெரியாதவங்க இல்ல.

அந்த வண்டி போர்டுல பீச்னுதான் போட்டிருக்கும். பேருதான் பீச். இறங்கினா லாரியும் ஹார்பர் சுவரும்தான். கடல் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுவாங்க. கிரிஜா அடிக்கடி சொல்லுவா, ‘ஒரு நாள் நெஜ பீச்சுக்குப் போய் நாலு பேரும் சும்மா உக்காரணும்டி’ன்னு. சொல்லிச் சொல்லியே எல்லாரும் ரிட்டையர் ஆயாச்சு. இப்பதான் நடந்துச்சு. கிரிஜாவோட பொண்ணு புக் பண்ணிக் குடுத்தா.

போனதும் இளநி குடுத்தாங்க, மூஞ்சி துடைச்சுக்க ஈரத் துண்டு குடுத்தாங்க. ரூமுல துண்டை வாத்து மாதிரி மடிச்சு மெத்தை மேல உக்கார வச்சிருந்தாங்க. எஸ்தர் அதைப் பிரிக்க விடல, பாவமா இருக்காம். நான் பிரிச்சுட்டேன். துண்டு எதுக்கு இருக்கு, எடம் போடத்தானே.

ஜன்னலைத் திறந்தா கடல். அவங்க மூணு பேரும் ‘ஆ’ன்னு வாயைத் திறந்துக்கிட்டு நின்னாங்க. நான் பாத்தது கடலை இல்ல. கடலுக்கு முன்னாடி வரிசையா சாய்வு நாற்காலி போட்டு, மேல கீத்துக் குடை வச்சிருந்தாங்க. அதுல முன் வரிசை ரொம்பக் கொஞ்சம். பின் வரிசையில உக்காந்தா முன்னாடி இருக்கறவன் தலையைத்தான் பாக்கணும். ரிசார்ட்டு பூரா ஆளு. முன் வரிசை நாற்காலியை அப்பவே எண்ணி வச்சுக்கிட்டேன்.

மறுநாள் வெளிச்சம் வர்றப்பவே போயிட்டேன். முன் வரிசையில நாலு நாற்காலி. ஒண்ணுல வாத்துத் துண்டு, ஒண்ணுல எஸ்தரோட சால்வை, ஒண்ணுல ஜமீலாவோட செருப்பு, ஒண்ணுல நான். சூரியன் கடலுக்குள்ளருந்து அவ்வளவு அழகா வந்துச்சாம், எல்லாரும் சொன்னாங்க. நான் சரியாப் பாக்கல. ஒரு அம்மா மணல்ல நடந்து வந்துக்கிட்டிருந்தாங்க, எந்த நாற்காலிக்கு வர்றாங்களோன்னு அவங்களையே பாத்துக்கிட்டிருந்தேன்.

ரூமுக்குப் போன் போட்டு, ‘எடம் போட்டாச்சு, வாங்க’ன்னேன். கிரிஜா எடுத்து, ‘மணி என்னடி’ன்னா. சொன்னேன். லைன் கட்டாயிடுச்சு. மறுபடி போட்டேன், மணி அடிக்குது, எடுக்கல. கடலோரம்ல, சிக்னல் சரியா இருக்காதும்மா.

வெயில் ஏறிச்சு. புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்துச்சு, பெங்களூர்ப் பக்கம் போல. நாற்காலியைக் காட்டிக் கேட்டுச்சுங்க. ஆள் வருதுன்னேன். புரியல. கையால காட்டினேன். போயிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்து பாத்துச்சுங்க. நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு பாத்த பார்வை இருக்கே, அப்படியே லேடீஸ் பெட்டிப் பார்வை. அப்புறம் அங்க வேலை செய்யறவர் ஒருத்தர் வந்து, ‘மேடம், எத்தனை பேர் வந்தாலும் சேர் போட்டுக் குடுப்போம், யாரும் நிக்க வேண்டியதில்ல’ன்னார். தன்மையாத்தான் சொன்னார். இந்த மாதிரி எத்தனை பேச்சு கேட்டிருப்பேன். நான் எழுந்திருக்கல.

பின்னாடி நீச்சல் குளத்துல ஒரே சிரிப்புச் சத்தம். திரும்பினா எஸ்தர். சுடிதாரோட தண்ணியில நிக்கறா, கழுத்து வரைக்கும். ‘தனம், வா, காலை மட்டும் நனைச்சுக்க’ங்கறா. நான் எழுந்தா எடம் போயிடுமேன்னு இங்கருந்தே கத்தினேன். கழுத்து வலி அதுலதான் வந்துச்சு. முன்னாடி நாற்காலியைப் பாக்கணும், பின்னாடி அவளைப் பாக்கணும். ஜமீலா அலையில காலை விட்டுக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் நடக்கறா. என் வரிசைக்கு முன்னாடியே போறா, கையை ஆட்டறா. ‘வந்து உக்காரு’ன்னா, ‘இதோ வர்றேன் தனம்’ங்கறா. ஒரு சிப்பியைக் கொண்டாந்து என் மடியில போட்டுட்டு மறுபடி போயிட்டா. அந்தச் சிப்பியை அவ நாற்காலியில வச்சேன், செருப்போட சேர்த்து. அடையாளத்துக்கு இன்னும் ஒண்ணு இருந்தா நல்லதுதானே.

டிபன் கதையைக் கேளு. பெரிய ஹாலு, வரிசையா எல்லாம் வச்சிருப்பாங்க, நாமதான் எடுத்துக்கணும். கூட்டம் வந்தா பொங்கல் தீர்ந்துடாதா? நான் மொத ஆளாப் போய், கடல் தெரியற டேபிளாப் பிடிச்சு, நாலு தட்டுலயும் எல்லாத்தையும் போட்டு மூடி வச்சுட்டேன். அவங்க குளிச்சு, சீவி, சிங்காரிச்சு வந்தப்ப பொங்கல் ஆறிப் போச்சு, பூரி அமுங்கிப் போச்சு. கிரிஜா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போய்ச் சூடா தோசை வாங்கிட்டு வர்றா. ‘கேட்டா அப்பவே சுட்டுத் தர்றாங்க தனம்’ங்கறா. அப்ப நான் எடுத்து வச்சது என்ன ஆவறது? ரெண்டு தட்டு நான் சாப்பிட்டேன். சோத்தை வீணாக்கக் கூடாது பாரு. அன்னிக்குப் பூரா நெஞ்சைக் கரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

செங்கல்பட்டு வந்துடுச்சு. இங்க கொஞ்ச நேரம் நிப்பான், கூட்டம் ஏறும். காலை உள்ள இழுத்துக்க, மிதிச்சுடுவாங்க. தண்ணி வேணுமா? வாங்கிக்கறதுன்னா இப்பவே இறங்கி வாங்கிட்டு வா, எடத்தை நான் பாத்துக்கறேன். வேணாமா, சரி.

வீட்டுல நான் மட்டும்தான்மா. எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆவுது. பையன் ஓசூர்ல, நல்ல வேலை. என் மேல உயிரு. நான் போனேன்னா மூணாம் நாளே திரும்பறதுக்கு டிக்கெட் போட்டுடுவான், அம்மா கூட்டத்துல கஷ்டப்படக் கூடாதுன்னு. மருமகளும் தங்கம். என்னை ஒரு வேலை செய்ய விட மாட்டா. அவ சமையல்கட்டுல டப்பாவெல்லாம் கண்டபடி கிடக்கும். நான் எடுத்து ஒழுங்கா அடுக்க ஆரம்பிச்சேன்னா, ‘அத்தை, நீங்க ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்க’ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து ஹால்ல உக்கார வச்சுடுவா. ஹால்லதான் படுப்பேன். காத்து நல்லா வரும். எனக்குன்னு அங்க ஒரு எடம் எப்பவும் உண்டு.

அதனாலதான் ஆடி மாசம் ஜமீலா போன்ல, ‘தனம், இனிமே நாம நாலு பேரும் ஒரே எடத்துல இருந்தா எப்படி இருக்கும்’னு கேட்டப்ப எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. இப்பல்லாம் வயசானவங்களுக்குன்னு வரிசையா சின்னச் சின்ன வீடா கட்டறாங்களாமே, சமையல் பொதுவா, டாக்டர் வந்து பாத்துட்டுப் போவாராம். ‘அது நாதியத்தவங்க போற எடம்டி, புள்ளை பெத்தவளுக்கு என்ன தலையெழுத்து’ன்னு நல்லாக் கேட்டு விட்டேன். அவளுக்குப் புள்ளைங்க கிடையாது. அது போனை வச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஆனா அவ தப்பா எடுத்துக்கல. ‘சரி தனம்’னுதான் சொன்னா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுதுன்னு நான் விட்டுட்டேன்.

கிளம்பிட்டான் பாரு. நல்ல வேளை, சீக்கிரமே எடுத்துட்டான்.

எங்க விட்டேன்? ஆங், நாற்காலி. அதே ரெண்டாம் நாள்தான், எனக்கு உக்காந்தபடியே கண்ணு சொக்கிடுச்சு. பாவி உடம்பு, விடியலுக்கு முன்னாடி எழுந்தது. முழிச்சுப் பாத்தா, மூணு பேரும் என் காலடியில மணல்ல உக்காந்திருக்காங்க. மூணு நாற்காலியும் காலி. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. ‘எடம் இருக்கறப்ப எதுக்குடி மணல்ல உக்காரணும்’னு கத்தினேன். ‘நீ தூங்கினே தனம், நாற்காலியை இழுத்தா முழிச்சுடுவியேன்னுதான்’னா ஜமீலா. என் மேல சால்வை போத்தியிருந்துச்சு. நான் நாற்காலிக்குப் போட்டு வச்ச சால்வையை எஸ்தர் எடுத்து எனக்குப் போத்தியிருக்கா. அப்ப அந்த நாற்காலிக்கு அடையாளம்? என்ன புத்தி பாரு. நல்ல வேளை, யாரும் வந்து உக்காந்துடல.

அன்னிக்கு சாயங்காலம் ஒரு வழியா நாற்காலியிலயே வந்து உக்காந்தாங்கம்மா. நாலு நாற்காலியிலயும் நாலு பேர், எதிர்ல கடல். எனக்கு மனசு குளுந்து போச்சு. இதுக்குத்தானே வந்தோம்னு இருந்துச்சு. கிரிஜா கடலைப் பாத்துக்கிட்டே, ‘தனம், உன்கிட்ட ஒண்ணு பேசணும். அதுக்குத்தான் நாம இங்க வந்ததே’ன்னா. சரியா அந்த நேரம் பாத்து, பக்கத்துல இருந்த குடும்பம் எழுந்து போவுது. அவங்க குடை எங்களுதை விடப் பெருசு. நாலு பேருக்கும் சாஞ்சுக்கத் திண்டு வேற இருக்கு. ‘இரு, ஒரு நிமிஷம்’னு துண்டை எடுத்துக்கிட்டு ஓடினேன். யாராவது முந்திக்கறதுக்குள்ள நாலுலயும் எதையாவது போட்டுட்டு, ‘வாங்கடி, இங்க மாறிடலாம்’னு கூப்பிட்டேன். யாரும் அசையல. இங்க நாலு, அங்க நாலு. எதைக் காவல் காக்கறதுன்னு தெரியாம நடு மணல்ல நின்னேன். சரி, என்னன்னு கேப்போம்னு திரும்பி வந்தா எஸ்தர் மட்டும்தான் இருக்கா. ‘உக்காரு தனம்’னா. ‘அவங்க எங்க’ன்னேன். ‘நீ கொஞ்சம் உக்காரேன்’னா. நான் அவங்களைத் தேடிக்கிட்டுப் போனேன்.

இன்னிக்குக் காலையில ரூமைக் காலி பண்றப்பதான் ஜமீலா வாயைத் திறந்தா. நான் பையைக் கட்டிக்கிட்டிருக்கேன். அவங்க அந்த வீடு எடுத்துட்டாங்களாம். வயசானவங்க வீடு. பாலூர் தாண்டி, இந்த ரோட்டு மேலயே, இந்த பஸ் போற வழியிலயே. தை பிறந்ததும் குடி போறாங்களாம். ‘எத்தனை வீடு’ன்னு கேட்டேன். ‘எங்களுக்கு மூணு’ன்னா.

மூணுன்னா. நாலு இல்லம்மா, மூணு. மழையில, கூட்டத்துல, கண்டவங்ககிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டு இத்தனை வருஷம் இவளுங்களுக்கு எடம் போட்டேன். எனக்கு ஒரு துண்டு போட்டு வைக்க ஒருத்திக்கும் தோணல பாரு. வேணாம்னு சொன்னேன்தான். இல்லங்கல. வேணாம்னு சொன்னா உடனே விட்டுடறதா? எத்தனை தடவை எஸ்தர் ‘இன்னிக்கு நான் அடுத்த வண்டியில வர்றேன், எனக்கு எடம் போடாதே’ன்னு சொல்லியிருக்கா. நான் போடாம இருந்திருக்கேனா? சொல்றதுக்கு என்ன வெக்கம், அந்த வாத்துத் துண்டுல மூஞ்சியை வச்சுக்கிட்டு அழுதுட்டேன்.

எஸ்தர்தான் கிட்ட வந்து உக்காந்தா. இன்னிக்குக் காலையில கூட அந்தக் குளத்துல இறங்கிட்டு ஈரத் தலையோட வந்திருக்கா. ‘நாலாவது வீடும் இருக்கு தனம். எனக்கு அடுத்த வீடு. யார் யாரோ வந்து கேக்கறாங்க. ஆள் வருதுன்னு சொல்லி வச்சிருக்கோம். தை வரைக்கும் பாப்பாங்க’ன்னா. ‘எனக்கு நீ வச்சிருந்தியே, அந்த மாதிரிதான்’னா.

துண்டை மூஞ்சியிலருந்து எடுத்தேன். அதோட விட்டிருந்தா சரியாப் போயிருக்கும். கிரிஜா விடல. பேங்குல இருந்தவ, எல்லாத்துக்கும் ஒரு கண்டிஷன் வச்சாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ‘வா தனம், ஆனா எங்களைக் காலையில எழுப்பக் கூடாது’ங்கறா. ‘எங்களுக்குத் தட்டுல போட்டு வைக்கக் கூடாது. எங்கயும் யாருக்கும் எடம் போடக் கூடாது. அங்க எல்லாருக்கும் எடம் இருக்கு. நீ வந்து சும்மா உக்காரணும், அவ்வளவுதான். உன்னால முடியுமா’ங்கறா. ஜமீலா, ‘இப்ப எதுக்கு அது’ன்னு அவளை அடக்கறா. அப்ப ஜமீலா மனசுலயும் அதுதான் இருந்திருக்கு.

கேக்கற கேள்வியா அது? நீயே சொல்லும்மா. எடம் போடறதுதான் நான். அதை விட்டுட்டு வெறும் ஆளா போய் நின்னா, என்னை எதுக்கு வச்சுப்பாங்க? அவங்க மூணு பேரும் படிச்சவங்க, சிரிக்கச் சிரிக்கப் பேசறவங்க. எனக்கு அதெல்லாம் வராது. நான் மொத ஸ்டேஷன்ல ஏறுறவ, அதனால அவங்களுக்குச் சிநேகிதி ஆனேன். எடம் போட ஆள் வேணாம்னா நான் எதுக்குன்னு எனக்கே தெரியலம்மா. ராத்திரி பகல் அதே யோசனையா இருக்கப் போவுது இனிமே.

என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன். போற வழியில அந்த வீட்டைப் பாக்கப் போறோம், கார்லயே வா, பாத்துட்டாவது போன்னாங்க. ‘எனக்குப் பதினோரு மணிக்கு காஞ்சிபுரம் பஸ் இருக்கு’ன்னேன். எஸ்தர், ‘அந்த பஸ் அங்க நிக்கும் தனம், இறங்கிடு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்’னா. ‘நீ என்னிக்குடி நேரத்துக்கு வந்திருக்கே’ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். சிரிக்கத்தான் சிரிச்சா. ஆனா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு.

தை வரைக்கும் வச்சிருந்துட்டு விட்டுடுவாங்க. விடட்டும். ஸ்டேஷன் தாண்டினா துண்டை எடுத்துடணும். அது நான் போட்ட சட்டம்தானே.

இது என்ன, பாலூரா? அப்ப அடுத்ததுதான். நான் பாக்கப் போறதில்ல. வெயில் அடிக்குது, இந்த ஷட்டரை இறக்கிடறேன். இறங்க மாட்டேங்குது பாரு, துருப் பிடிச்சுக் கிடக்கு. விடு, கண்ணை மூடிக்கறேன்.

நிக்கறானா? யாரு இறங்கறாங்க? அந்த மூட்டைக்காரம்மாவா?

ஏம்மா, அங்க பாரு. அந்த ஸ்டாப்பிங்ல ஒருத்தி நிக்கறா பாரு, மஞ்சள் சுடிதார். நிழலுக்கு மரம் இருக்கு, மரத்தடியில நிக்காம ரோட்டுக்கே வந்து வெயில்ல நிக்கறா. குடை கூட இல்ல. ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்துக்கிட்டு வர்றா. எஸ்தர்தான். எத்தனை நேரமா நிக்கறாளோ, மூஞ்சியெல்லாம் செவந்து கிடக்கு. இருபத்தாறு வருஷத்துல அவ ஒரு நாள் கூட வண்டிக்கு முன்னாடி வந்து நின்னதில்லம்மா. ஒரு நாள் கூட இல்ல.

என்னைப் பாத்துட்டா. படியில ஒரு காலை வச்சுட்டா பாரு, வண்டி போயிடக் கூடாதுன்னு. கண்டக்டர் கத்தறார். அவ காதுலயே வாங்கல. கையை நீட்டிக்கிட்டு நிக்கறா.

கண்டக்டர் சார், இருங்க. ஆள் இறங்குது.

நான் குடியிருக்கவெல்லாம் போகலம்மா. சும்மா ஒரு எட்டு பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல போயிடுவேன். அவளுங்களுக்குச் சமையல்கட்டு எந்தப் பக்கம் இருக்கணும், காத்து எந்தப் பக்கம் வரணும்னு ஒண்ணும் தெரியாது, ஏமாத்திடுவாங்க. அந்தப் பையை எடு. துண்டு கீழ விழுந்துடுச்சா? கிடக்கட்டும், நீ வச்சுக்க, வெயிலுக்கு ஆவும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்க.

நீ ஜன்னலோரத்துக்கு நகர்ந்துக்கம்மா. பக்கத்துல யாராவது வந்து கேட்டா உக்காரச் சொல்லு. இந்த எடத்துக்கு இனிமே ஆள் வராது.